எங்கள் கையும் அவர்கள் கையெழுத்தும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் பேராசிரியரோ எழுத்தாளரோ பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு வயரிங் வேலை செய்கிற எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான்கு பேர் உட்கார்ந்து பேசித் தயாரித்த உரை இது. ஒருவர் வாசிக்கிறார், அதனால் 'நாங்கள்' என்றே வரும். எங்களில் இரண்டு பேர் ஐ.டி.ஐ. படித்தவர்கள். இரண்டு பேர் ஏணி பிடித்தே தொழிலுக்கு வந்தவர்கள். கருவிகளைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், 'சாதியைப் பற்றிப் பேசமாட்டீர்களா?' என்று அமைப்பாளர் தோழர் கேட்டார். அதைத்தான் பேசப்போகிறோம். கட்டிங் பிளேயரிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

வயரின் மேல்தோலை உரிப்பதுதான் முதல் பாடம். புதிதாக வந்தவன் கத்தியை வயரைச் சுற்றி வட்டமாக ஓட்டுவான். தோல் அழகாகக் கழன்று வரும். ஆனால் உள்ளே செம்பில் ஒரு கீறல் விழுந்திருக்கும். ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து அந்த இடத்தில்தான் கம்பி ஒடியும். அதனால் பென்சில் சீவுகிற மாதிரி கத்தியைச் சாய்த்துச் சீவ வேண்டும். இதை வாயால் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிஷம் போதும். கத்தி செம்பைத் தொடப்போகிறது என்று விரலுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆகும்.

ஸ்க்ரூ முறுக்குவதும் அப்படித்தான். சுவிட்சில் இருக்கிற பித்தளை ஸ்க்ரூவை அதிகமாக இறுக்கினால் மரை போய்விடும். குறைவாக இறுக்கினால் கம்பி லூசாக இருக்கும். லூசான இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடு ஏறும், பிளாஸ்டிக் கருகும், சில வீடுகளில் தீயே பிடிக்கும். செம்பு விலை ஏறி அலுமினிய வயர் போட்ட வீடுகளில் இது இன்னும் மோசம். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி விலகும். நேற்று இறுக்கியது இன்றைக்கு இறுக்கமாக இருக்காது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மணிக்கட்டுதான் சொல்லும். மணிக்கட்டுக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் மார்க் போடுவதில்லை.

டிரில்லிங் மெஷின் வருவதற்கு முன்னால் சுவரில் ஓட்டை போட்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். அந்தக் கருவியை இப்போதைய பையன்கள் பார்த்ததே இல்லை. ராவல் பிளக் டூல் என்பது ஒரு கைப்பிடி, அதன் முனையில் ஒரு இரும்புப் பிட், அவ்வளவுதான். சுத்தியால் ஒரு அடி, கையில் ஒரு சின்னத் திருப்பு, மறுபடி ஒரு அடி. திருப்பாமல் அடித்தால் பிட் சுவருக்குள் மாட்டிக்கொள்ளும். சாம்பல் நிறத்தில் தூள் வந்தால் இன்னும் பூச்சில் இருக்கிறோம். சிவப்பாக வந்தால் செங்கல்லுக்குப் போய்விட்டோம். சத்தம் பொத்தென்று கேட்டால் இரண்டு கல்லுக்கு நடுவே, பிளக் நிற்காது, இடம் மாற்ற வேண்டும். அந்த ஓட்டைகளில் பிளக் வைத்து, தேக்குப் பட்டையை அறைந்து, பட்டையின் மேல் லிங்க் கிளிப்பை அடித்து, அதற்குள் வயரை மடக்குவோம். ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கான கிளிப். நூல் பிடித்த மாதிரி வரிசை நிற்க வேண்டும், இல்லையென்றால் மேஸ்திரி எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்வார். மெஷின் வந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. தோள்பட்டை வலி எங்களுக்குத்தானே தெரியும். ஆனால் சத்தத்தை வைத்துச் சுவரைப் படிக்கிற அறிவு அதோடு போய்விட்டது.

ஜாயின்ட்டுகளின் பெயரைக் கேளுங்கள்: பிரிட்டானியா ஜாயின்ட், வெஸ்டர்ன் யூனியன் ஜாயின்ட், மேரீட் ஜாயின்ட். கடைசியில் சொன்னது, இரண்டு கம்பிகளின் இழைகளையும் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து முறுக்குவது. ஐ.டி.ஐ. வகுப்பில் அதைக் கலப்புத் திருமண ஜாயின்ட் என்று சொல்லிச் சிரிப்போம். நன்றாகப் போட்டால் இழுத்தாலும் பிரியாது.

டெஸ்டர் எங்கள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதற்குள் ஒரு சின்ன நியான் பல்பும் ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸும் இருக்கின்றன. முனையை ஃபேஸில் வைத்து, தலையில் இருக்கும் உலோகத்தை விரலால் தொட வேண்டும். அப்போது உறைக்காத அளவு கரண்ட் எங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும், பல்பு எரியும். அதாவது எங்கள் உடம்பும் அந்த சர்க்யூட்டில் ஒரு பாகம். மரப்பலகை மேல் நின்றால் மங்கலாக எரியும். நியூட்ரல் அறுந்திருந்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரிந்து ஆளைக் குழப்பும். டெஸ்டர் எரியவில்லை என்பதாலேயே சப்ளை இல்லை என்று கை வைத்துவிடக்கூடாது. முதலில் சப்ளை இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி பழைய இடத்தில். இந்த மூன்று நொடி ஒழுங்கைக் கற்றுக்கொண்டதால் உயிரோடு இருக்கிறோம்.

இந்த டெஸ்டரோடு போகிற வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 'தம்பிக்கு எந்த ஊரு?' என்று ஆரம்பிக்கும். ஊர் சொன்னால் 'எந்தத் தெரு?' என்று வரும். மெயின் போர்டு திண்ணையில் இருந்தால் பேச்சு அதோடு முடியும். பூஜை அறையில் விளக்கு எரியவில்லை என்றால்தான் அவர்களுக்குச் சங்கடம். 'இங்கேயிருந்தே பார்க்க முடியாதா?' என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். முடியாது. சாமி படத்துக்கு மேலே சப்ளை இருக்கிறதா என்று பார்க்க எங்கள் உடம்பு வழியாகத்தான் கரண்ட் இறங்கியாக வேண்டும்.

காலனியில் பல்பு ஏன் சிவப்பாக எரிகிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். தொழிலுக்கு வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் ஊருக்குள் நிற்கும். அங்கிருந்து கம்பி பெரிய தெரு, சின்னத் தெரு, ரைஸ்மில், பம்ப்செட் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் எங்களிடம் வரும். தூரம் கூடக்கூட, வழியில் லோடு ஏற ஏற, வோல்டேஜ் குறையும். டெயில் எண்ட் என்பார்கள். இதில் யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. கம்பம் நட்ட வரிசையிலேயே வேலை முடிந்துவிட்டது. கையில் மீட்டர் இல்லாதவர்களுக்கு இது வெறும் மங்கலான விளக்கு. மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் அளந்து, எழுதி, மனுவில் சேர்க்கலாம். எங்களில் ஒருவர் அப்படித் தெருவின் கடைசி வீட்டில் மூன்று நாள் சாயங்காலம் அளந்து எழுதிய தாளோடுதான் புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனுக் கொடுத்தார்கள். கிடைக்க வெகுநாள் ஆனது. ஆனாலும் அந்தத் தாளை யாராலும் மறுக்க முடியவில்லை.

இப்போது காகிதத்துக்கு வருகிறோம். ஐ.டி.ஐ. போகாதவர்களுக்கு அரசு ஒரு வழி வைத்திருக்கிறது: மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது முடிந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். கையால் கற்றதும் படிப்புதான் என்று ஒப்புக்கொள்கிற ஏற்பாடு. ஆனால் அந்த 5 ஆண்டை யார் சொல்வது? எங்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. அனுபவம் எங்கள் கையில், அதற்கான கையெழுத்து ஒப்பந்தக்காரர் கையில். எங்களில் ஒருவர் ஒரே ஆளிடம் 11 ஆண்டு வேலை செய்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். 'நீ லைசென்ஸ் வாங்கிட்டா அப்புறம் எங்கிட்ட எதுக்கு இருக்கப்போற?' என்று பதில் வந்தது. அதே ஆள் தன் அக்கா மகனுக்கு இரண்டாவது வருஷமே ஐந்து வருஷம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பையனுக்குத் தோல் உரிக்கக் கற்றுக்கொடுத்தது நம் ஆள்தான். அவன் 'சார்' ஆகிவிட்டான். கற்றுக்கொடுத்தவர் நாற்பது வயதிலும் 'பையன்'.

இந்த இடத்தில் பாபாசாகேப்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் தொழில் வளரும், வறுமை தீரும் என்பது அவர் வாதம். மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944இல் அமைந்தது அவர் காலத்தில்தான். இதெல்லாம் மேடைகளில் சொல்லப்படுகிறது. அதிகம் சொல்லப்படாத ஒன்று உண்டு. 1942இல் பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி அவர் அரசுக்குக் கொடுத்த மனுவில், கல்லூரிப் படிப்போடு தொழிற்பயிற்சியையும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வேயிலும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடம் வேண்டும் என்றார். கோட்டு போட்ட சிலையைப் பார்த்துப் பார்த்து, அவர் நம் கையில் ஸ்பேனரையும் கொடுக்கச் சொன்னவர் என்பதை மறந்துவிட்டோம். நம் வீடுகளிலேயே 'படிச்சவன்' ஒரு பக்கம், 'கைவேலைக்காரன்' ஒரு பக்கம் என்று இலை போடுகிறோமே, அது எங்கிருந்து வந்தது?

இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். பூமணி 'பிறகு' நாவலில் செருப்புத் தைக்கிற அழகிரியை நடுவில் உட்காரவைத்தது 1979இல். அதற்குப் பிறகு நம் எழுத்து நிறைய வந்துவிட்டது, நாங்களும் வாங்கிப் படிக்கிறோம். பட்ட அவமானம் எழுதப்பட்டிருக்கிறது, எழுதத்தான் வேண்டும். ஆனால் எங்களிடம் கதை கேட்டு வருகிற தோழர்கள் எந்த வீட்டில் டம்ளர் தனியாக இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். அந்த வீட்டில் பழுதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் டம்ளரைப் பற்றிச் சொல்வதைவிட அதிக நேரம் பேசுவோம்.

ஆகவே இந்த மன்றத்திடம் ஒன்று கேட்கிறோம். ஒப்பந்தக்காரர் எழுதித் தராத வருஷங்களை நாமே எழுதி வைப்போம். யார் யாரிடம் கற்றார்கள், எந்த ஆண்டில் எந்தக் கட்டடத்தில் வயர் இழுத்தார்கள் என்று. அது தேர்வுக்குச் செல்லாது, தெரியும். கூடவே தொழிலின் சொற்களும் வேண்டும். 'செவன் பை ட்வென்டி' என்றால் 20 கேஜில் ஏழு இழை என்று தெரிந்தவர்கள் இன்னும் பத்து வருஷம் இருப்பார்கள். போக்கர், சீரிஸ் லேம்ப், ஸ்பிரிங் போட்டு வயர் இழுக்கும்போது சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்துகிற 'விடு', 'பிடி' எல்லாம் அதில் வர வேண்டும். இதுவரை 140 சொல் சேர்த்து ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம். கையெழுத்து மோசம், பிழையும் இருக்கும். மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் கிடைத்தால் தை மாதத்துக்குள் முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மற்ற நாளில் நாங்கள் ஏணி மேல் இருப்போம்.