மூணாம் ஈத்து!

(தலைப்பு: தமிழ்ச் சொற்களை வாழ வைப்பது ஏடா? உழைப்பா? ‘உழைப்பே’ என்ற அணியில் சிட்லபாக்கத்துக்காரர் ஒருவர் பேசியது.)



எதிரணி நண்பர் ஒரு போடு போட்டுட்டுப் போனார். “தொல்காப்பியம் மரபியலில் இளமைப் பெயர்கள் மட்டும் ஒன்பது இருக்கு, எருமைக்கும் பசுவுக்கும் ‘நாகு’ன்னு பெண்பால் பெயரே இருக்கு, ஏடு இல்லேன்னா இதெல்லாம் ஏது?”ன்னார். ஐயா, தொல்காப்பியர் அந்தச் சொல்லை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்தாரா? மாட்டுக் கொட்டகையில் ஏற்கெனவே புழங்கியதைத்தானே எழுதி வைத்தார்! (கைதட்டல்)

எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் பிறந்தவுடனே காளைக்கன்னு, கிடேரிக்கன்னு என்று பிரிப்பாங்க. வளர்ந்தால் கிடேரி. பிறகு சினைக் கிடேரி. முதல் கன்னு போட்டால் தலை ஈத்து. கன்னு போட்ட புதுசில் இளங்கன்னு மாடு, அப்புறம் கறவை, பால் நின்றால் வத்தின மாடு. வயசு கேட்டால் வருஷம் சொல்ல மாட்டாங்க, வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பாங்க. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. கீழே எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டால் சுமார் ரெண்டு வயசு. அப்புறம் நாலு பல், ஆறு பல். எட்டும் போட்டால், “பல்லு சேர்ந்திருச்சு.” பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாட்டுச் சந்தையாக இருந்த காலத்தில் இந்தக் கணக்குத் தெரியாமல் போனவன் கிழட்டு மாட்டைத்தான் ஓட்டிக்கிட்டு வருவான்! (சிரிப்பு)

“இதெல்லாம் எதுக்கு, மாடுன்னா போதாதா?” என்று கேட்டார் நண்பர். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

1996. சிட்லபாக்கத்தில் ஏரித் தண்ணி பாய்ந்த வயல் எல்லாம் மனையாகிக்கிட்டு இருந்த நேரம். எங்க வீட்டில் ரெண்டு மாடு. என் கல்லூரிக் கட்டணமே அந்தப் பாலில்தான். ஒருநாள் விடியற்காலை லட்சுமி எழுந்திரிக்கவில்லை. கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்துக் கிடக்கிறாள், காதைத் தொட்டால் சில்லுன்னு இருக்கு. பக்கத்து வீட்டு டெலிபோனில் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

“சார், மாடு படுத்திருக்கு.”

“தம்பி, எந்த மாடு? சினையா? கன்னு போட்டதா? எத்தனையாவது ஈத்து?”

பி.எஸ்ஸி. படிக்கிறவன், பேந்தப் பேந்த முழிக்கிறேன்! அம்மா ஓடி வந்து போனைப் பிடுங்கினாங்க. “ஐயா, மூணாம் ஈத்து. கன்னு போட்டு ரெண்டு நாள். நல்ல கறவை.” அவ்வளவுதான். “இதோ வர்றேன்மா” என்றார்.

வந்தவர் கையில் கால்சியம் பாட்டில் தயாராக இருந்தது. அது பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போகும். சீம்பாலோடு சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடுவதால், கன்னு போட்ட ரெண்டு மூணு நாளுக்குள் வரும். தலை ஈத்தில் அபூர்வம். மூணு, நாலு ஈத்து கண்ட நல்ல கறவைக்குத்தான் அதிகம். கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும். நடுவர் அவர்களே, ‘மூணாம் ஈத்து’ என்ற ரெண்டு சொல்லில் பாதி வைத்தியம் இருந்தது! (கைதட்டல்)

நரம்பில் மருந்து மெதுவாக ஏறியது. லட்சுமி உடம்பு நடுங்கினாள், ஏப்பம் விட்டாள், சாணி போட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று கன்னைத் தேடினாள். அம்மா அழுதாங்க. நான் தலை குனிந்தேன்.

2021-இல் எங்க ஊர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. எங்க கொட்டகை இருந்த இடத்தில் இன்றைக்கு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அம்மாவும் இல்லை. ‘ஈத்து’ அகராதியில் பத்திரமாக இருக்கு, எங்க தெருவில் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஏடு சொல்லைப் பாதுகாக்கும், ஐயா. வாழ வைப்பது, அந்தச் சொல்லை நம்பிப் பிழைக்கிற கைதான்!  (பலத்த கைதட்டல்)