மேகத்துக்குள் போவதா, திரும்புவதா?

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில், உயர்தர வகுப்பு மாணவிகளும் கலந்துகொண்ட அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விமானம் ஓட்டுவதைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் போகிற இடமெல்லாம் முதலில் வருகிற கேள்வி, "பயமில்லையா?" என்பதுதான். பயம் இருக்கிறது. உயரத்தைக் கண்டல்ல, மேகத்தைக் கண்டு. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

நிலத்தில் நின்று பார்க்க மேகம் பஞ்சுப்பொதி போலிருக்கும். உள்ளே போய்விட்டால் சுற்றிவர வெள்ளைச் சுவர்தான், அடிவானம் தெரியாது. நுவரெலியாப் பாதையில் புகார் மூடினால் சாரதி வாகனத்தை ஓரமாக நிற்பாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு உள்காதிலுள்ள அரைவட்டக் கால்வாய்களைத் தெரியும். அவற்றினுள் இருக்கும் திரவம் அசைவதைக் கொண்டுதான் உடம்பு திரும்புகிறது என்று மூளை அறிகிறது. ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், ஏறக்குறைய 20 செக்கனில் திரவமும் கால்வாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அதன் பின் திரும்புகிற உணர்வே இராது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் ஆசிரியர் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நேராக ஓட்டச் சொன்னார். நேராகத்தான் போகிறேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணியிருப்பேன். கண்ணைத் திறந்தபோது வலது இறக்கை நிலத்தை நோக்கிச் சரிந்து கிடந்தது, உயரமும் குறைந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எடுத்த நேரம் 178 செக்கன். மூன்று நிமிடம்கூட இல்லை.

"பழகியவருக்கு ஆபத்தில்லைத்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். பயணிகள் விமானங்கள் நாள்தோறும் மேகத்துக்குள்ளால்தான் போகின்றன, உண்மை. அதற்கான அனுமதியோடும் திட்டத்தோடும் தயாராகிப் போகின்றன. கண்ணால் பார்த்து ஓட்டுவதாகப் புறப்பட்டு, இடைவழியில் மேகத்தைத் துளைத்து ஏறுவோம் என்று எண்ணுவது வேறு காரியம்.

2020 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. கலிபோர்னியாவில் கூடைப்பந்தாட்ட வீரர் கோபி பிரையன்டும் அவருடைய 13 வயது மகளும், அவளுடைய அணித் தோழிகள் இருவரும், பெற்றோரும் பயிற்றுநரும் ஹெலிகொப்டரில் ஒரு பந்தாட்டப் போட்டிக்குப் போனார்கள். இங்கே வலைப்பந்து விளையாடுகிற பிள்ளைகள் பஸ்ஸில் போட்டிக்குப் போவதைப் போலத்தான். அன்று புகார் காரணமாக லொஸ் ஏஞ்சலிஸ் பொலிசார் தங்கள் ஹெலிகொப்டர்களையே பறக்கவிடவில்லை. விமானி 8,500 மணித்தியாலங்களுக்கு மேல் பறந்தவர். கருவிகளைக் கொண்டு ஓட்டும் தகுதியும் பெற்றவர். ஆனால் அந்த நிறுவனத்துக்கு அப்படிப் பறக்கும் அனுமதி இருக்கவில்லை. மலைகளுக்கிடையே மேகம் தாழ்ந்து வந்தபோது, மேலே ஏறி 4,000 அடிக்குப் போகிறேன் என்று கட்டுப்பாட்டாளருக்கு அறிவித்தார். ஏறக்குறைய 2,370 அடி வரை ஏறிய ஹெலிகொப்டர் இடப்பக்கம் சரிந்து மலைச்சரிவில் மோதியது. தான் ஏறிக்கொண்டிருப்பதாக அவர் சொன்ன நேரத்தில் அது உண்மையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் இறந்தார்கள்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஒரு வருடத்துக்கு மேல் விசாரித்தது. இயந்திரத்தில் பழுது காணப்படவில்லை. எனக்கு மிகவும் உறைத்தது இன்னொன்று. நிறுவனமோ பயணியோ அவரை வற்புறுத்தியதற்குச் சான்று இல்லை. வாடிக்கையாளரை ஏமாற்றக்கூடாது என்ற நெருக்குதலை அவரே தம்மீது போட்டுக்கொண்டிருக்கலாம் என்று சபை கண்டது. பக்கத்தில் வான் நைஸ் விமான நிலையம் இருந்தது. அங்கே இறங்கியிருக்கலாம். பிள்ளைகள் போட்டிக்குப் பிந்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த விமானியை நான் குறை சொல்லவில்லை. நல்லவர்கள்தான் இந்த வலையில் விழுகிறவர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்று, எடுத்த காரியத்தைப் பாதியில் விடாதே என்று இந்த மண்டபத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சரியான பாடந்தான். ஆனாலும் விமானத்தில் ஏறுமுன் நான் அதைக் கொஞ்சம் கழற்றி வைக்கவேண்டியிருந்தது. ஆசிரியைகள் மன்னிக்கவேண்டும்.

ஒரு முறை கலியாண வீட்டுக்குப் போகிற இருவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அரைவழியில் மேகம் தாழ்ந்து வந்தது. மேலே வெயில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் ஏறினால் போதும் போலிருந்தது. கை தானாகவே அதற்கு ஆயத்தமாகிவிட்டது. அப்போதுதான் அந்த 178 செக்கன் நினைவுக்கு வந்தது. திரும்பினேன். நாங்கள் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே வானம் துப்புரவாக வெளித்துவிட்டது. தாலி கட்டு முடிந்த பிறகுதான் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு நெருங்கிய சொந்தம். இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.