கடல் தாண்டி இங்கிலீஷ் படிச்சுக் குடுக்கப் போறவங்களுக்கு

(தோட்ட இளைஞர், யுவதிகளுக்கான தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் ஓர் ஆசிரியை ஆற்றிய உரை)



வெளிநாட்டு வேலை என்றால் நம்ம தோட்டங்களில் இவ்வளவு காலமும் ஒரே அர்த்தம்தான். வீட்டு வேலைக்கு சவூதி, குவைத், லெபனான். இப்போது உயர்தரம் முடித்த பிள்ளைகள் என்னிடம் வேறு கேள்வி கேட்கிறார்கள். "டீச்சர், இங்கிலீஷ் படிச்சுக் குடுக்க வெளிநாடு போகலாமா? தோட்டத்துப் புள்ளைக்கு அந்த வேலை குடுப்பாங்களா?"

குடுப்பாங்க. நான் மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பாடசாலையில் எட்டு வருஷம் ஆங்கிலம் கற்பித்தேன். என்னோடு இலங்கையரும் இந்தியரும் வேலை செய்தார்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் உங்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே வைத்திருப்பது வகுப்பறையில் நீங்கள் செய்கிற வேலைதான். அந்த வேலையைப் பழக வேண்டிய இடம் இங்கே, நம்ம லயத்துப் பக்கம். கடன் வாங்கிப் போன பிறகு அங்கே பழகலாம் என்று நினைக்காதீர்கள்.

எந்த நாடு?

ஆங்கிலம் தெரிந்தால் எந்த நாட்டுக்கும் போகலாம் என்பது பொய். தென் கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆங்கில உரையாடல் ஆசிரியர்களுக்கென்று 'ஈ-2' என்ற வீசா உண்டு. அது பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாடுகளின் குடிமக்களுக்கே கிடைக்கும். நமது கடவுச்சீட்டுக்குக் கிடையாது. அப்படியிருக்க, "கொரியாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, 5 லட்சம் கட்டுங்க" என்று ஒருவர் வந்தால் அவர் யாரென்று நீங்களே தீர்மானிக்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்து வைத்திருந்த இலங்கைப் பிள்ளைகளை 2024இல் மீட்டு எடுத்தார்கள். அவர்களில் பலர் படித்த பிள்ளைகள். படித்தவர்களை ஏமாற்ற முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மாலைதீவின் கதை வேறு. அங்கே திவேஹி மொழியும் இஸ்லாமும் தவிர, பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான். பத்தாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள். மக்கள் வாழும் தீவுகள் 180க்கு மேல். அத்தனை சின்னச் சின்ன ஊருக்கும் பாடசாலை வேண்டும், ஆசிரியர் வேண்டும். அதனால்தான் வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம் போலத்தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போக அதைவிடக் கூட நேரம் வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

வெறும் உயர்தரச் சான்றிதழோடு போக முடியாது. கற்பித்தலில் டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும். தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால் 3 வருஷம். கடைசி வருஷம் பாடசாலையிலேயே பயிற்சி. அது கிடைக்காதவர்களுக்கு உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா உண்டு. கண்டியிலும் படிக்கலாம். வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. சில இடங்களில் ஐ.ஈ.எல்.டி.எஸ். புள்ளியும் கேட்பார்கள். அந்தப் பெறுபேறு 2 வருஷத்துக்குத்தான் செல்லும். ஆகவே விண்ணப்பிக்கும் காலம் பார்த்து அதை எழுதுங்கள்.

இனி நம்ம ஆட்களுக்கே உரிய ஒரு தொல்லை. பிறப்புச் சான்றிதழில் 'லெட்சுமி', பரீட்சைச் சான்றிதழில் 'லக்ஷ்மி', அடையாள அட்டையில் அப்பா பெயர் வேறு மாதிரி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். இன்றைக்கு அந்த ஓர் எழுத்தால் வேலை அனுமதி நின்றுபோகும். திருத்தம் செய்யப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் இழுபடும். வேலை கிடைத்த பிறகு ஓடினால் நேரம் போதாது. எல்லாப் பத்திரத்தையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பாருங்கள். பெயர் சரியான பிறகு சான்றிதழ்களை வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குக் கண்டியிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. பொலிஸ் நற்சான்றிதழும் தேவைப்படும்.

லயத்து வகுப்பறை

"நமக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்லையே, வெட்கமா இருக்கே" என்கிறீர்கள். சேற்றுப் பாதையில் விழுந்து எழும்பி நடந்தவனுக்குத்தான் எந்தக் கல் வழுக்கும் என்று தெரியும். தமிழில் "நான் சோறு சாப்பிடுறேன்" என்கிறோம். வினைச்சொல் கடைசியில் வரும். அதனால் நம்ம பிள்ளை "ஐ ரைஸ் ஈட்" என்று சொல்லும். சிங்களத்திலும் அதே ஒழுங்கு, திவேஹியிலும் அதே ஒழுங்கு. மாலைதீவுப் பிள்ளையும் அதே இடத்தில்தான் தடுக்கும். அந்தப் பிள்ளை ஏன் தடுக்குது என்பது உங்களுக்கு உடனே விளங்கும்.

ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். புள்ளைக் காம்பராவோ, வாசிகசாலையோ, கோயில் மண்டபமோ கேட்டு வாங்குங்கள். 10 பிள்ளைகள், கிழமைக்கு 2 நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். பணம் வாங்க வேண்டாம். அதிலே மூன்று பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வகுப்புக்கு முன்னால் பாடத்திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இந்த ஒரு மணித்தியாலம் முடிய பிள்ளை எதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது முதல் வரி.

இரண்டாவது, நீங்கள் குறைவாகப் பேசுங்கள். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் பேசட்டும். டீச்சர் மட்டும் பேசுகிற வகுப்பில் டீச்சரின் இங்கிலீஷ்தான் வளரும்.

மூன்றாவது, "விளங்குதா?" என்று கேட்காதீர்கள். எல்லாப் பிள்ளையும் "விளங்குது டீச்சர்" என்றுதான் சொல்லும். "நேற்றைக்கு நீ என்ன செஞ்ச? இங்கிலீஷ்ல சொல்லு" என்று கேளுங்கள். இறந்தகாலம் விளங்கியதா இல்லையா என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

உலகம் முழுக்க மதிக்கிற கேம்பிரிட்ஜின் 'செல்டா' பயிற்சி 120 மணித்தியாலம். அதிலே உண்மையான மாணவர்களுக்கு முன்னால் படிப்பித்துக் காட்டும் நேரம் 6 மணித்தியாலம். நம்ம காம்பராவில் மூன்று கிழமையில் அந்த 6 மணித்தியாலம் வந்துவிடும். ஒரு வருஷம் விடாமல் நடத்தினால் 100 மணித்தியாலம். அதற்கு யாரும் சான்றிதழ் தரமாட்டார்கள். ஆனால் நேர்முகப் பரீட்சையில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லும்போது உங்கள் கை நடுங்காது.

கையெழுத்துப் போட முன்னால்

ஏஜென்சிக்கு லைசன் உண்டா என்று இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். போவதற்கு முன் அங்கே கட்டாயம் பதிவு செய்யுங்கள். காப்புறுதி அந்தப் பதிவோடுதான் வரும். மாலைதீவுக்கு இறங்கியதும் சுற்றுலா வீசா தருவார்கள். "அதிலே போங்க, வேலை அனுமதியை அங்கே பாத்துக்கலாம்" என்பவரை நம்ப வேண்டாம். அந்த வீசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். அகப்பட்டால் துன்பம் உங்களுக்கு, ஏஜென்டுக்கு இல்லை.

ஒப்பந்தத்தில் பாருங்கள்: சம்பளம் டொலரிலா, மாலைதீவு ரூபியாவிலா? ஒரு டொலருக்கு 15.42 ரூபியா என்பது அங்குள்ள உத்தியோகபூர்வ விகிதம். ஆனால் டொலர் தட்டுப்பாடு வரும்போது வங்கியில் நினைத்த அளவு அனுப்ப முடியாது. வீடு யார் தருவது? டிக்கட் யார் கொடுப்பது? இடையில் விலகினால் எத்தனை மாத முன்னறிவித்தல்? வாயால் சொன்னது கணக்கில்லை. பேர் போடாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரியாததா? எழுதாத வாக்குறுதியும் அப்படித்தான்.

அம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். 30 வருஷம் கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதியை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். நல்ல ஆசிரியர் வேலைக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

அரசாங்க ஆசிரியர்களாக இருப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். பதவியை விட்டுப் போனவராகக் கணக்கெடுத்துவிடுவார்கள். சம்பளமற்ற லீவு பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

போன இடத்தில் நிலைக்க

மாலைதீவு இஸ்லாமிய நாடு. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகச் சட்டம் இடம் தராது. பகிரங்கமாக வேறு மத வழிபாடு செய்யவும் முடியாது. மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. நோன்பு மாதத்தில் பகலில் வெளியில் சாப்பிடக் கூடாது. கிழமை லீவு வெள்ளியும் சனியும். மாரியம்மன் திருவிழாவுக்கு மனசாலதான் கும்பிட வேண்டும். இது தாங்காது என்றால் போக வேண்டாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

போனவர்கள் அவர்கள் மொழியில் நாலு சொல் படியுங்கள். சிங்களம் தெரிந்தால் சுகம். சிங்களத்தில் எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ. திவேஹியில் எகே, தே, தினே, ஹத்தரே, ஃபஹே. அவர்களுடைய தானா எழுத்து வலப்பக்கமிருந்து இடப்பக்கம் போகும். சின்னப் பிள்ளை இங்கிலீஷ் கொப்பியை மறுபக்கத்திலிருந்து திறந்தால் ஏசாதீர்கள். அது தன் மொழியின் வழியில் திறக்குது.

சின்னத் தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கடையிலும் கடற்கரையிலும் நீங்கள் டீச்சர்தான். முதல் தவணை முடிய ஏக்கம் வரும், அழுகை வரும். அப்போது பெட்டியைக் கட்டாதீர்கள். இரண்டாம் தவணையில் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள்.

அந்த வேலை ஆயுளுக்கும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். மாலைதீவு தேசியப் பல்கலைக்கழகம் 2011இல் உருவானது. அவர்களுடைய பிள்ளைகளே ஆசிரியர்களாக வருகிறார்கள், அதுதான் நியாயமும். ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தம் முடியவும் அதிபரிடம் சேவைக் கடிதம் வாங்குங்கள். பாடத்திட்டக் கொப்பிகளைப் பத்திரப்படுத்துங்கள். தூரக் கல்வியில் அடுத்த பட்டத்துக்குப் பதியுங்கள். முதலில் கடன், பிறகு சேமிப்பு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு மாபிள். திரும்பி வரும்போது கையில் பணத்தோடு ஒரு தொழிலும் இருக்க வேண்டும்.

இந்த மாதம் இரண்டு வேலை செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பெயரை ஒத்துப்பாருங்கள். காம்பராவின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். வெளிநாடு போகாவிட்டாலும், அந்த 10 பிள்ளைகள் இங்கிலீஷ் படித்திருப்பார்கள். அது நட்டமே இல்லை.