ஒரே ஒரு தாலந்து

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது எங்கள் பங்கின் வழக்கம். அப்படி ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன. அந்த ஐயாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெக்கானிக்காக வேலை செய்தவர். பக்கவாதத்தால் வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அவருடைய மனைவிதான். நற்கருணை வாங்கிய பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "சாமி, வழியில எந்த வண்டி நின்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. இப்போ ஒரு டம்ளர் தண்ணிய நானா எடுத்துக் குடிக்க முடியல. ஆண்டவர் என்னை இன்னும் எதுக்கு வச்சிருக்காரு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கேள்வியும் என்னோடு வந்துவிட்டது.

அன்பார்ந்தவர்களே, இது அவருடைய கேள்வி மட்டுமா? தேர்வில் தோற்ற பிள்ளையும் இதைக் கேட்கிறான். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தாயும் கேட்கிறார். கடவுள் நம்மை எதற்காகப் படைத்தார் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் நம்மிடம் கேட்டார்கள். அவரை அறியவும், அன்பு செய்யவும், அவருக்குப் பணிபுரியவும் என்று மனப்பாடமாகச் சொன்னோம். சொல்வது எளிதாக இருந்தது. பணிபுரியும் கை ஓய்ந்துபோகும் நாளில்தான் அந்தப் பதிலின் பொருளைத் தேடுகிறோம்.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தாலந்து உவமையைச் சொல்கிறார். ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று. "பாவம், அவருக்கு ஒன்றுதானே கிடைத்தது" என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு தாலந்து என்பது 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் அந்த ஒரு தாலந்து ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பின் கூலி! கடவுளின் கணக்கில் மிகக் குறைவாகப் பெற்றவரும் ஏழை அல்ல. ஐந்தை ஈட்டியவருக்கும் இரண்டை ஈட்டியவருக்கும் தலைவர் தந்த பாராட்டு ஒன்றே என்பதையும் கவனியுங்கள். மூன்றாமவர் கண்டிக்கப்பட்டது குறைவாகப் பெற்றதற்காக அல்ல. பயந்துபோய் அதை மண்ணில் புதைத்ததற்காக.

அந்த ஒரே தாலந்தைப் புதைக்காத ஒருவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். கனடா நாட்டின் கியூபெக் பகுதியில் 1845இல் பிறந்தவர் புனித ஆந்த்ரே பெசெத். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தார். படிப்பு இல்லை, எழுதப் படிக்கவே சிரமம். நோயாளி உடம்பு என்பதால் எந்தத் தொழிலிலும் நிலைக்க முடியவில்லை. திருச்சிலுவை சபையில் சேர்ந்தபோது, இந்த உடல்நிலையோடு இவரால் என்ன பயன் என்று அங்கும் தயங்கினார்கள். ஆயரின் பரிந்துரைக்குப் பிறகே அவரை ஏற்றுக்கொண்டார்கள். மொன்ட்ரியாலில் இருந்த பள்ளியில் வாயிற்காவலர் பணி கிடைத்தது. கதவைத் திறப்பது, தரையைத் துடைப்பது, மாணவர்களுக்கு முடிவெட்டுவது. சபையில் சேர்ந்ததும் தனக்கு வாசலைக் காட்டினார்கள், தான் அங்கேயே 40 ஆண்டுகள் நின்றுவிட்டதாக அவரே வேடிக்கையாகச் சொல்வாராம்.

அந்த வாசலுக்கு நோயாளிகளும் மனமுடைந்தவர்களும் வரத் தொடங்கினார்கள். அவர் கேட்டார், செபித்தார், புனித யோசேப்பிடம் அனுப்பினார். குணமடைந்தவர்கள் நன்றி சொன்னால், தனக்கு அல்ல, யோசேப்புக்குச் சொல்லுங்கள் என்பார். முடிவெட்டிக் கிடைத்த சில்லறையையும் சேர்த்து, 1904இல் மலைச்சரிவில் ஒரு சிறு சிற்றாலயம் எழும்பியது. அது பெரிய திருத்தலமாக வளர்ந்தது. 1937 சனவரி 6 அன்று, 91 வயதில் அவர் இறந்தபோது, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அஞ்சலி செலுத்த வந்தார்கள். அன்று அந்தப் பேராலயம் கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை. முடிந்ததைப் பார்க்காமலேயே அவர் போய்விட்டார். 2010இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆனால் ஒரு சந்தேகம் எழலாம். ஆந்த்ரேயால் கதவையாவது திறக்க முடிந்தது. கையே தூக்க முடியாதவர் என்ன செய்வார்?

அன்பர்களே, சிலுவையைப் பாருங்கள். தொழுநோயாளரைத் தொட்ட கைகள், அப்பத்தைப் பிட்ட கைகள், அங்கே அசைய முடியாமல் ஆணியில் இருக்கின்றன. தண்ணீருக்குக் கூட அவர் பிறரைத்தான் நம்பியிருந்தார். எதுவும் செய்ய முடியாத அந்த மூன்று மணி நேரத்தில்தான் நம் மீட்பு நிறைவேறியது. ஏனென்றால் அங்கேயும் அவர் தந்தையை அன்பு செய்வதை நிறுத்தவில்லை. வேலை ஓய்வு பெறலாம். அன்பு செய்யும் அழைத்தலுக்கு ஓய்வு வயது இல்லை. பிறர் ஊட்டும் கவளத்தை முகம் சுளிக்காமல் நன்றியோடு வாங்குவதும் அன்புதான்.

அடுத்த முதல் வெள்ளியன்று இதை அந்த ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த மாதம், நான் புறப்படும்போது, "அடுத்து யாரு வீட்டுக்குப் போறீங்க சாமி?" என்று கேட்டார். நோயுற்ற ஓர் அம்மாவின் பெயரைச் சொன்னேன். இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து செபமாலையை எடுத்தார். இப்போது ஒவ்வொரு மாதமும் என்னிடம் பட்டியல் கேட்கிறார். சில நாள் அவருக்கு மனம் தளர்ந்துவிடுகிறது என்று மனைவி சொல்கிறார். அந்த நாள்களில் அவர் செபமாலையைக் கையில் வைத்திருக்க, மனைவி சொல்கிறாராம்.

இந்த வாரம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: எனக்குத் தந்த தாலந்து எது? பயத்தாலோ, பிறரோடு ஒப்பிட்டோ அதை எங்கே புதைத்து வைத்திருக்கிறேன்? நம் வீட்டில் படுக்கையில் இருப்பவரிடம், அவர் நமக்குப் பாரமல்ல, வரம் என்று என்றாவது சொல்லியிருக்கிறோமா?

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, நீர் எங்களைக் காரணமின்றிப் படைக்கவில்லை. உழைக்கும் நாளிலும் ஓய்ந்திருக்கும் நாளிலும் உம்மையும் அயலாரையும் அன்பு செய்து வாழ எங்களுக்கு அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.