மினி வண்டியின் சில்லுகளும் றப்பர்க் கூம்புகளும்



கலைப் பட்டம் பெற்றுப் பாடசாலை நடத்தும் ஒருவர் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் எங்கள் திருகோணமலையில் பழைய மாணவர் சிலர் என்னை நாடி வந்து கேட்பது யாப்பிலக்கணம் பற்றியன்று. பாட்டனார் விட்டுச் சென்ற மினி வண்டிக்கு எத்தனை அங்குலச் சில்லுப் பூட்டலாம் என்பது பற்றியே. என் வாசலிலும் அவ்வண்டி ஒன்று நிற்பதே அதற்குக் காரணம். 2020ஆம் ஆண்டில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில், கொட்டிலில் உறங்கிய வண்டிகளை இளைஞர் தட்டி எழுப்பியதில் வியப்பில்லை.

மினியை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ். நம் ஊர்களில் நன்கு பழகிய மொரிஸ் மைனர் வண்டியும் அவர் கைவண்ணமே. 1956ஆம் ஆண்டுச் சுயெஸ் நெருக்கடியினால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு தோன்றவே, சின்னஞ்சிறு வண்டியொன்று வேண்டப்பட்டது. 1959 ஓகஸ்ட் மாதத்தில் அது வெளிவந்தது. நீளம் ஏறத்தாழ 10 அடி. அதனுள் நால்வர் அமர வேண்டுமாயின் சில்லுகள் இடத்தைத் தின்னலாகாது. ஆகவே 10 அங்குலச் சில்லு என்று முடிவாயிற்று. அதற்கெனவே டன்லொப் நிறுவனம் ரயர் செய்து கொடுத்தது. 1961இல் பந்தய வண்டி வல்லுநர் ஜோன் கூப்பரின் பெயர் தாங்கிய வேக மினி வந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டே கார்லோ நெடுந்தூர ஓட்டத்தில் கூப்பர் எஸ் வண்டிகளே முதலிடம் பெற்றன. 1966இல் முந்தி வந்தும் முகவிளக்கைக் காரணங்காட்டி விலக்கிவிட்டார்கள். அது தனிக் கதை.

இவ்வெற்றிகளுக்கு இயந்திரம் மட்டும் காரணமன்று. வளைவுகளில் வண்டி நிலத்தைப் பற்றிக்கொள்ளும் பாங்கே பெருங் காரணம். ஏனைய வண்டிகளில் எஃகு வில்லுகள் இருக்கும் இடத்தில் மினியில் றப்பர்க் கூம்பு இருக்கிறது. இதனை அமைத்தவர் அலெக்ஸ் மோல்ற்றன் என்னும் பொறியியலாளர். றப்பர் அமுங்க அமுங்க அதன் எதிர்ப்பு மிகும். ஒருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் வண்டி தன் நிலை கெடாதிருப்பதற்கு இக்குணமே உதவுகிறது. 1876இல் பிரேசில் வித்துக்களிலிருந்து முளைத்த கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன என்பதை அறிந்த நமக்கு, றப்பரின் மேல் நின்ற வண்டியிடம் சற்று உறவு தோன்றுவது இயல்பு.

ஆனால் றப்பரும் மூப்படையும். இருபது முப்பது ஆண்டு சுமை தாங்கிய கூம்பு இறுகித் தாழ்ந்து போகும். வண்டி குனிந்து நிற்கும். குழியில் விழுந்தால் முதுகெலும்பு அறியும். அப்பொழுது நம் இளைஞர் செய்வது யாது? புதிய ஷொக் அப்சோபர் வாங்கிப் பூட்டுகிறார்கள். அது வண்டியின் பாரத்தைத் தாங்குவதன்று. துள்ளலை அடக்குவது மட்டுமே. இறுகிய கூம்பின் மேல் விறைத்த ஷொக் அப்சோபரையும் பூட்டினால் கட்டை வண்டியே மேல் என்று தோன்றும். முதலில் மாற்ற வேண்டியது கூம்பு. அதனோடு, கூம்புக்குச் செல்லும் தண்டின் நுனியில் கிண்ணத்துள் உருளும் சிறு குண்டையும் பார்க்க வேண்டும். கிறீஸ் வற்றி அது இறுகிக் கிடந்தாலும் வண்டி துள்ளும். உயரத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் வல்ல தண்டுகள் இன்று கிடைக்கின்றன; அவை பயனுள்ளவை. புதுக் கூம்பு சில வாரங்களில் படிந்து தாழும் ஆதலால், அதன் பின்னரே உயரத்தை முடிவாக அமைத்தல் நன்று.

இனி, சில்லு. கணக்குப் படிக்கும் பிள்ளைகள் கடதாசி எடுத்துக்கொள்ளலாம். 145 மில்லிமீற்றர் அகலமும் அதில் நூற்றுக்கு 80 உயரமும் உள்ள 10 அங்குல ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 486 மில்லிமீற்றர். 165 அகலமும் 70 வீத உயரமும் உள்ள 10 அங்குல ரயருக்கு 485. அகலம் கூடியும் விட்டம் மாறவில்லை. பிடி மட்டும் கூடுகிறது. 165க்கு 60 வீதமான 12 அங்குல ரயருக்கு 503. வேகமானி 60 காட்டும்போது வண்டி 62இல் ஓடும். 175க்கு 50 வீதமான 13 அங்குலத்துக்கு 505. ஆனால் இரும்பு விளிம்புக்கும் தெருவுக்கும் இடையேயுள்ள றப்பர்ச் சுவரைப் பாருங்கள்: முதலாவதில் 116 மில்லிமீற்றர், கடைசியில் 87 மட்டுமே. நிலாவெளிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளிலும் மழைக்குப் பிந்திய குழிகளிலும் அச்சுவரே விளிம்பைக் காக்கிறது. சில்லு வெளியே துருத்தி நிற்குமளவுக்குப் பெயாரிங் மீது பாரம் ஏறும், ஸ்ரியரிங்கும் கனக்கும்.

12 அங்குலத்துக்கு நியாயம் இல்லாமலில்லை. 1984 முதல் மினிக்கு 8.4 அங்குலப் பிரேக் தட்டு வந்தது. அது 10 அங்குலச் சில்லுக்குள் அடங்காது. நல்ல பிரேக்கை நாடி 12க்குப் போவோர் அறிவுடையோர். கூப்பர் எஸ்ஸின் 7.5 அங்குலத் தட்டு 10 அங்குலத்துக்குள் அடங்கும். அவர்கள் 165 ரயரோடு நிறைவடையலாம். 13 அங்குலம் கண்காட்சிக்கு ஆகும் என்பது என் எண்ணம். நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்வோர் என்னோடு மாறுபடலாம். அவர்கள் சில நிமிட ஓட்டத்துக்கு அமைக்கிறார்கள். நாம் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்பு வரை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போகவேண்டியவர்கள்.

இவை யாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. எங்கள் ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: உவர்மலை, உப்புவெளி. மூன்று பக்கமும் கடற்காற்று. மினியின் பின்சில்லுகள் உடலோடு நேரே இணைக்கப்படவில்லை. அடியிலுள்ள சப்பிரேம் என்னும் இரும்புச் சட்டத்தில் இணைந்துள்ளன. சேறும் நீரும் அதனுள் தங்கும்; உப்புக் காற்று எஞ்சிய வேலையை முடிக்கும். மேலே நிறம் பூசி மினுக்கிய வண்டியின் அடியில், திருப்புளியால் குத்தியவுடன் பொத்துப்போகும் சட்டங்களை நான் கண்டதுண்டு. அத்தகைய சட்டத்தில் அகன்ற ரயர் பூட்டி வளைவில் விரைந்தால் என்ன நிகழும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பின்சில்லு மேற்பக்கம் உட்சாய்ந்து நின்றால், அதன் கையிலுள்ள பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்க. அங்கே கிறீஸ் முலை உண்டு. பலர் அதை மறந்துவிடுகின்றனர்.

மற்றுமொன்று. முன்பக்கக் கூம்பு பாரத்தால் அமுக்குண்டு நிற்பது. அதை இறுக்கிப் பிடிக்கும் தனிக் கருவி இல்லாமல் கழற்ற முற்படின், அடைபட்ட விசை ஒரு கணத்தில் வெளிப்பட்டுக் கைவிரலைப் பறித்துவிடும். அக்கருவி இல்லாத கராஜில், கெட்டிக்கார மெக்கானிக் எனினும், அவ்வேலையைக் கொடுக்க வேண்டாம். பழைய 10 அங்குல ரயர் மலிவாகக் கிடைத்தால் அதன் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் வார்க்கப்பட்டது. அங்கே மூன்று இலக்கங்களே இருந்தால், 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. விலை கேட்காமலே திரும்பிவிடலாம்.