பழைய காரும் பழகிய கையும்

ஒரு பொருளின் வயதை ஆண்டுகளால் அளப்பது உலக வழக்கு. ஆயின், ஆண்டுகள் கழிந்தமையால் மட்டும் எப்பொருளும் பெருமை பெற்றுவிடுவதில்லை. அவ்வாண்டுகளிலெல்லாம் அதனைப் பேணிய கைகள் இருந்தன என்பதே அதன் பெருமை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுவே, வலிகாமம் தெற்கிலே அமைந்தது உடுவில் என்னும் ஊர். 1824இல் தொடங்கிய மகளிர் கல்லூரியாற் பெயர் பெற்ற அவ்வூரிலும், அதனை அடுத்த இணுவில், மானிப்பாய், சுன்னாகம் முதலிய ஊர்களிலும் இன்றும் இடையிடையே காட்சிதரும் பழைய கார்களைப் பற்றி ஆராயப் புகுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இவ்வுண்மையே.

திருமண ஊர்வலத்தில் மாலை சூடிச் செல்லும் ஒரு கார். ஆண்டுக்கு இருமுறை கோயிற் கொடியேற்றத்துக்கும் தேருக்கும் மட்டும் கொட்டிலை விட்டு வெளிவரும் ஒரு கார். வயது முதிர்ந்த வைத்தியரையோ ஆசிரியரையோ ஏற்றிக்கொண்டு மருதனார்மடச் சந்தியிலே மெல்லத் திரும்பும் ஒரு கார். இவற்றுட் பெரும்பாலானவை ஒஸ்ரின் ஏ-40 வகையாகவோ, மொறிஸ் மைனராகவோ, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜாகவோ இருக்கும். இலக்கத் தகட்டிலே இரண்டு ஆங்கில எழுத்துகள் காணப்படின் அவ்வண்டி 1950களின் பிற்பகுதிக்கு முன்னர்ப் பதிவானது. 'ஸ்ரீ' எழுத்துக் காணப்படின் அதற்குப் பின்னர்ப் பதிவானது. வண்டியின் சாதகம் அதன் நெற்றியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது என்னலாம்.

ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட் என்னும் கார் 1952 தொடக்கம் 1954 வரை இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலே செய்யப்பட்டது. அதற்கு முந்தியது டெவன். இரண்டும் ஆங்கில நாட்டு மாவட்டங்களின் பெயர்கள். நான்கு உருளைகள் கொண்ட 1,200 கன சென்ரிமீற்றர் வார்ப்பிரும்பு இயந்திரம். நாற்பது குதிரை வலுவுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றல். சுக்கான் தண்டிலேயே பொருத்தப்பட்ட கியர்க் கோல். உடலைத் தாங்குதற்குத் தனியான உருக்குச் சட்டம். இவையே அதன் இலக்கணம். விரைவிலே அது புகழ்பெற்றதன்று. ஆயினும், கையாற் பிரித்துக் கையாற் பூட்டத்தக்க எளிமை அதன்கண் இருந்தது. மொறிஸ் மைனரோ அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநரால் வடிவமைக்கப்பட்டு 1948இல் வெளிவந்தது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் அதுவே.

இக்கார்களின் வழிமுறை ஆசியாவிலே வியப்பான வகையிற் பரந்தது. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் மூன்றாம் வரிசையே இந்தியாவில் அம்பாசடர் என்னும் பெயர்பூண்டு, வங்காளத்து உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. ஜப்பானின் நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, முதலில் இதே சோமர்செட்டையும், பின்னர்க் கேம்பிரிட்ஜையும் தன் நாட்டிலே பொருத்தி விற்றுத் தொழில் கற்றது. அங்ஙனம் கற்ற மாணவன் ஒரு தலைமுறை கழியுமுன் ஆசிரியனின் சந்தையையே கைக்கொண்டான். இலங்கையிலும் அதுவே நிகழ்ந்தது.

1960களிலே அந்நியச் செலாவணி அருகியமையால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வாராதபோது பழையதைப் பேணுதல் தவிர வேறு வழியில்லை. 1977இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. ரொயோட்டா கொறோல்லாவும், நிசான் சன்னியும், மக்கள் 'லான்சர் பொக்ஸ்' என்று செல்லப்பெயர் சூட்டிய பெட்டி வடிவான மிற்சுபிசியும் 1980களிலே செல்வர் வீட்டு முற்றங்களை அணிசெய்தன. கொழும்பிலே பழைய ஒஸ்ரின்கள் இரும்புக் கடைக்குச் செல்லலாயின. யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும். அதனைத் தடுத்தது அன்பன்று, போர்.

1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து முதலிய பல பொருள்கள் வருதல் தடைப்பட்டது. மின்சாரம் அற்றது. தரைப்பாதை மூடப்பட்டு, மக்கள் கிளாலிக் கடனீரேரியைப் படகிலே கடந்து போக்குவரவு செய்யும் நிலை வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்னிலே வானொலி கேட்ட காலம் அது. அக்காலத்திலேதான், கைவிடப்பட இருந்த பழைய ஆங்கிலக் கார் மீண்டும் வீட்டின் முதற்பொருளாயிற்று. அது மண்ணெண்ணெயில் ஓடிற்று.

மண்ணெண்ணெயிலே பெற்றோல் இயந்திரத்தை ஓட்டுதல் எங்ஙனம் என வினவுவோர் உளர். பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் எளிதில் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. ஆதலின், ஒரு சிறு போத்தலிலே பேணிவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயிலே விட்டு இயந்திரத்தை முடுக்குவர். இயந்திரம் நன்கு சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பர். வெம்மையுற்ற உட்குழாய் மண்ணெண்ணெயை ஆவியாக்கித் தரும். பிரித்தானியாவிலே 1940களிலும் 1950களிலும் உழவு இயந்திரங்கள் பல இம்முறையிலேயே இயங்கின. ஆகவே இது மந்திரமன்று. மறந்துபோன ஒரு நுட்பத்தை வறுமை நினைவூட்டியது.

எல்லாக் காருக்கும் இது இயல்வதன்று. மண்ணெண்ணெய் மிகுந்த அழுக்கத்தைத் தாங்காது. தானாகவே தீப்பற்றி இயந்திரத்தைத் தட்டும். 1950களின் கார்களிலே அழுக்கம் குறைவு. புதிய கார்களிலே மிகுதி. எனவே, பழமை என்னும் குறையே அன்று நிறையாயிற்று. மேலும், முன்புறத்திலே கைப்பிடி செருகிச் சுழற்றி இயந்திரத்தை முடுக்கும் வசதி அக்கார்களுக்கு உண்டு. வலுக்குன்றிய பற்றறியும் பொறி எழுப்புதற்குப் போதுமானதாயிற்று. எனினும் இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளையின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். கரி படியும், பிளக் அடைக்கும், புகை வீதியை மறைக்கும். நாள்தோறும் கழற்றித் துடைத்து, பொறியெழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி, தேய்ந்த உறுப்பை மீளக் கடைந்து பூட்டிய மெக்கானிக்குகள் இலரேல் அக்கார்கள் ஓராண்டும் தாங்கியிரா.

அவை எதற்காக ஓடின என்பதும் எண்ணத்தக்கது. ஊரிலே ஓடத்தக்க கார் ஒன்று இருப்பின், அது உடையவரின் காராக மட்டும் இருப்பதில்லை, ஊரின் காராகிவிடும். நடு இரவிலே பேறுகால வேதனை கண்ட பெண்ணை இணுவில் மக்லியொட் மருத்துவமனைக்கோ, மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனைக்கோ, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுசெல்லுதற்கு அதன் கதவையே தட்டுவர். அன்று சேமித்துவைத்த ஒரு போத்தல் பெற்றோல் ஓர் உயிரின் விலை. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, முதியோரையும் நோயாளரையும் சுமந்துகொண்டு, சனவெள்ளத்தினூடே அடி அடியாக நகர்ந்த ஊர்திகளுள் இவையும் இருந்தன. கொண்டுசெல்ல இயலாது விடப்பட்டவையும் உண்டு. 1996 ஏப்ரிலில் மக்கள் திரும்பத் தொடங்கியபோது, விட்டுச்சென்றதை விட்ட இடத்திலே கண்டவர் பேறு பெற்றவர்.

2002இலே கண்டி வீதி திறக்கப்பட்டதும் வேறொரு சோதனை வந்தது. பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து செல்வர் பலர் வந்தனர். அரிதான உறுப்புகள் குறையாத கார்கள் இங்கே இருத்தலைக் கண்டு நல்ல விலை பேசினர். வீடு இடிந்தவருக்குக் கூரை வேண்டும். மகளுக்குத் திருமணம் வேண்டும். விற்றவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், ஒவ்வொரு கார் சுமைவண்டியிலேறி ஆனையிறவைக் கடந்தபோதும், அதனோடு ஓர் ஊரின் கதையும் கடந்து சென்றது. வாங்கியவர் அதற்குப் புதுவண்ணம் பூசி, மண்ணெண்ணெய்க்காக இணைத்த செப்புக் குழாயைக் கழற்றி எறிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் கோலத்தை மீட்டனர். கார் பிழைத்தது, அதன் வரலாறு துடைக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. பேணுதல் என்பது யாது? முதல் நாள் இருந்தவாறே வைத்தலா? அன்றி, பட்ட தழும்புகளோடு வைத்தலா? காட்சிச்சாலைக்கு முன்னையது பொருந்தலாம். யாழ்ப்பாணத்துக் காருக்குப் பின்னையதே பொருந்தும். உள்ளூர்க் கடைசற் பட்டறையிலே செய்த ஓர் ஆணி, சைக்கிள் உறுப்பிலிருந்து வெட்டிய ஒரு வளையம், கொல்லன் அடித்து நிமிர்த்திய ஒரு தகடு, இவை குறைகள் அல்ல, கையெழுத்துகள். பழுதுபார்த்துப் பார்த்தே ஒரு காரை நெடுங்காலம் பயன்படுத்துதல் சிக்கனமும் அறிவுமாகும் என்பதை மேனாட்டாரும் உணர்ந்துள்ளனர். இங்கிலாந்தின் பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர் இக்கொள்கையைப் பரப்பியதோடு, 1990களிலே இலங்கையின் தென்பகுதியில் மைனர் காருக்குரிய உறுப்புகளைச் செய்விக்கவும் வழிசெய்தார். இலங்கைக் கைகள் செய்த உறுப்புகள் இங்கிலாந்துக் கார்களுக்குச் சென்றன.

இன்று 1980களின் ஜப்பானியக் கார்களும் நாற்பது வயதை எய்திவிட்டன. ஒருகாலத்திலே ஒஸ்ரினைக் கிழடாக்கிய லான்சரும் சன்னியும் இப்போது தாமே முதியோர் வரிசையில் நிற்கின்றன. 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கிற்று. இடையிலே 2022இல் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றது. அப்போது, நன்கு பேணப்பட்ட பழைய காரின் அருமையை யாழ்ப்பாணத்தார் அல்லாதோரும் அறிந்தனர். ஆயின், 1980களின் காரைப் பேணுதல் ஒருவகையிற் கடினம். சோமர்செட்டுக்கு உள்ள தனிச்சட்டம் இவற்றுக்கு இல்லை, உடலே சட்டம். அடித்தகடு துருப்பிடிப்பின் காரின் முதுகெலும்பே துருப்பிடித்தவாறாகும். கடற்காற்று எட்டாத இடம் குடாநாட்டிலே அரிது. எனவே அடிப்புறத்தை ஆண்டுதோறும் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசுதல் இன்றியமையாதது.

தண்ணீரிலும் கருத்து வேண்டும். உடுவிற் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லிலே தோண்டப்பட்டவை. அந்நீர் கேத்திலின் அடியிலே வெண்படிவை விடுவதுபோல றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் விடும். மழைநீரோ வடித்த நீரோ ஊற்றுவதே அறிவு. பல மாதம் ஓட்டாது நிறுத்திவைத்தலும் பேணுதல் ஆகாது. பெற்றோல் பசையாகும்; தடைகள் இறுகும்; ரயர் ஒருபுறம் தட்டையாகும். கிழமைக்கு ஒருமுறை, இயந்திரம் நன்கு சூடேறும்வரை ஓட்டப்படும் காரே நீடு வாழும். நடவாத முதியவரும் ஓடாத காரும் விரைவில் முடங்குதல் இயல்பு.

இவையெல்லாம் நூலிலே கற்றவை அல்ல. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டறைக்குச் சென்ற சிறுவர் கண்டும் கேட்டும் கற்று, பின் பெரியவராகிப் பிறருக்குக் காட்டிய வித்தை இது. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே நோயைச் சொல்லும் அம்முதியோர் இன்று எழுபது வயதைக் கடந்துள்ளனர். அவர்களின் மாணாக்கர் பலர் கடல் கடந்து சென்றுவிட்டனர். உள்ளூரில் எஞ்சியோர் கணினி பூட்டிய புதிய கார்களோடு போராடுகின்றனர். கார் விற்கப்படின் வேறோரிடத்திலேனும் இருக்கும். வித்தை அழியின் எங்கும் இராது. உண்மையான இழப்பு அதுவே.

ஆகவே, பழைய காரைக் காக்க விரும்புவோர் முதலில் அதனைக் காத்தவரின் சொல்லைக் காத்தல் வேண்டும். இது பெரும்பொருள் வேண்டும் பணியன்று. மேல்வகுப்பு மாணவர் இருவர், ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு, தம் ஊர்ப் பட்டறை முதியவரிடம் ஒரு பிற்பகல் அமர்ந்தாற் போதும். மண்ணெண்ணெய்க் குழாயை எங்கே இணைத்தீர், எந்த உறுப்பை எதனாற் செய்தீர், எந்த இரவிலே யாரை ஏற்றிச் சென்றீர் என்று கேட்டு எழுதுதல் வேண்டும். விஞ்ஞான பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே திண்ணையிலே கிடைக்கும். தம் பெயர் எழுத்திலே ஏறுவதைக் காணும் அம்முதியோரின் மகிழ்ச்சி, எந்தக் கண்காட்சிப் பரிசிலும் மேலானது.

பேரரசர் ஆட்சியையும் பெருஞ் சமர்களையும் எழுதுதற்கு வரலாற்றாசிரியர் பலர் உளர். ஒரு போத்தல் பெற்றோலையும் ஒரு கைப்பிடியையும் கொண்டு ஓர் ஊர் தன்னைக் காத்த கதையை எழுதுதற்கு அவ்வூரார் அன்றி வேறு யாவர் உளர்? அதைச் சொல்ல வல்லோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். கேட்பதற்குரிய காலம் இதுவே.