கோடு எப்போது விழுகிறது?

பெருந்துறை, சென்னிமலை, விஜயமங்கலம் வட்டாரத்தில் தறிக்குடோனை ஒட்டிய அலுவலகங்களில் பத்துப் பன்னிரண்டு வயதான கம்ப்யூட்டர்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பில் போடுவது, கூலிக்கணக்குப் பார்ப்பது, ஜக்கார்டு டிசைன் போடுவது எல்லாம் அதில்தான். ஒரு நாள் திரை கறுத்துவிடுகிறது, இல்லையென்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுகிறது. “கிராபிக்ஸ் கார்டு போயிருச்சுங்க, மாத்திரலாம்” என்று சொல்லி மாற்றுகிறார்கள், படமும் வந்துவிடுகிறது. படம் வந்துவிட்டது என்பதாலேயே பழைய கார்டு கெட்டுப்போயிருந்தது என்று ஆகிவிடுமா? ஆகாது என்பதுதான் என் வாதம். சோதனை என்றால் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். கார்டை மாற்றும்போது குறைந்தது மூன்று விஷயங்கள் சேர்ந்து மாறுகின்றன.

முதலாவது தொடுமுனை. கார்டின் அடிவிளிம்பில் தங்க முலாம் பூசிய பட்டைகள் வரிசையாக இருக்கும், அவை மதர்போர்டின் ஸ்லாட்டுக்குள் இருக்கும் மெல்லிய உலோக நாக்குகளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல வருடம் சூடேறி ஆறியதில், கார்டின் எடை ஒரு பக்கமாக இழுத்ததில், தூசி புகுந்ததில், அந்தத் தொடர்பு தளர்ந்துபோகும். கழற்றி மாட்டும் செயலே அதைத் துடைத்துவிடுகிறது. பழைய கார்டையே திரும்பச் செருகியிருந்தாலும் படம் வந்திருக்கக்கூடும். ரேமை ரப்பர் போட்டு மெதுவாகத் தேய்த்துச் செருகினால் டிஸ்ப்ளே வந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். இரண்டாவது மின்சுமை. 2011இல் வந்த என்விடியா ஜி.டி.எக்ஸ் 550 டிஐ கார்டு முழு வேலையில் 116 வாட் வரை இழுக்கும். பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டால் அதிகபட்சம் 75 வாட்தான் தர முடியும் என்பதால், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து ஆறு முனை ஒயர் ஒன்று தனியாக வந்து அதில் மாட்டியிருக்கும். அதற்குப் பதிலாகப் போடுவது என்ன? பெரும்பாலும் ஜி.டி 710 போல ஒரு சின்னக் கார்டு, 19 வாட்டோடு சரி. வயதாகி 12 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் தள்ளாடும் எஸ்.எம்.பி.எஸ், 116 வாட்டுக்கு விழுந்துவிடும், 19 வாட்டுக்குத் தாக்குப்பிடிக்கும். உண்மையில் நோய் எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருக்கிறது, பழி கார்டின்மேல் விழுகிறது. சில மாதம் கழித்து அந்த எஸ்.எம்.பி.எஸ் அடியோடு போகும்போது, “கரண்டு ஏறி இறங்கினதுல போயிருச்சு” என்பார்கள். மூன்றாவது, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர். புதுக் கார்டுக்குப் புது டிரைவர் ஏற்றுகிறோம், குழம்பிப்போயிருந்த பழையது அத்தோடு ஒழிகிறது.

“சரிங்க, அதே மாடலில் நல்ல கார்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தால்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது மின்சுமைக் குழப்பம் தீரும், தொடுமுனைக் குழப்பம் தீராது. அதைவிடச் சரியான வழி, சந்தேகப்படும் கார்டைக் கொண்டுபோய் நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, அரை நாள் வேலை கொடுத்துப் பார்ப்பது. சர்வீஸ் கடையில் அது முடியும். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மாதக்கடைசியில் கூலிக்கணக்கு முடிக்க நிற்பவருக்கு முடியாது. அவர் கையில் இருக்கும் முதல் சாட்சியம் இதுதான்: கோளாறு எந்த நேரத்தில் தலைகாட்டுகிறது என்பது.

துணியில் கோடு விழுந்தால் நெசவாளி உடனே தறியைப் பிரிக்கத் தொடங்குவதில்லை. கோடு பாவின் போக்கில் ஓடுகிறதா, ஊடையின் போக்கில் ஓடுகிறதா என்று பார்க்கிறார், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடுகிறது. இங்கே இடத்துக்குப் பதிலாக நேரத்தைப் பார்க்க வேண்டும். பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனி பெயர் வரும் அந்த முதல் திரையிலேயே எழுத்துகள் சிதறியிருந்தால், டிரைவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நேரத்தில் டிரைவர் இன்னும் ஏறவே இல்லை. அப்போதும் விண்டோஸை அழித்து மறுபடி போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அது வீண் செலவு. திரையில் எதுவுமே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பயாஸ் எழுப்பும் சத்தம் அது: பழைய அவார்டு பயாஸ் ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குறுஞ்சத்தமும் போட்டால் டிஸ்ப்ளே பகுதியில் கோளாறு என்று பொருள், ஏ.எம்.ஐ பயாஸில் எட்டுச் சத்தம் கார்டின் நினைவகத்தைச் சுட்டும். முதல் திரை சுத்தமாக வந்து, விண்டோஸ் முகப்பு வந்த பிறகு கெடுகிறதா? சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். அங்கே கார்டின் சொந்த டிரைவர் வேலை செய்யாது, சாதாரண டிரைவரோடுதான் ஓடும். அதில் சரியாக இருந்தால் டிரைவரையோ மின்சுமையையோ சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 550 டிஐ வகைக் கார்டுகளுக்குப் புது டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2018லேயே நிறுத்திவிட்டது, ஆகவே லேட்டஸ்ட் டிரைவரைத் தேடி அலைந்து பயனில்லை.

எல்லாச் சோதனைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது காசு செலவில்லாத ஒன்று. திரையில் கோடு தெரியும்போதே கீபோர்டில் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தி, அந்தப் படத்தைச் சேமித்து, வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ செல்போனுக்கு அனுப்பிவிடுங்கள். போனில் திறந்து பாருங்கள். செல்போன் கேமராவால் திரையைப் படம்பிடிப்பது அல்ல நான் சொல்வது, அதில் எப்படியும் கோடு தெரியத்தான் செய்யும். பிரிண்ட் ஸ்கிரீன் எடுப்பது, கம்ப்யூட்டருக்குள் உருவான படத்தை, அது கேபிளில் ஏறி வெளியே போவதற்கு முன்பே. போனிலும் கோடு தெரிந்தால் கோடு பிறந்தது உள்ளே: கார்டின் சிப், நினைவகம், அல்லது டிரைவர். போனில் படம் பளிச்சென்று இருந்தால் கோளாறு அதற்குப் பிறகு வரும் பாதையில்: கார்டின் வெளிவாய், கேபிள், மானிட்டர். இந்த மூன்றைப் பிரிக்கவும் வழி இருக்கிறது. நீல நிற முனை கொண்ட பழைய வி.ஜி.ஏ கேபிள் 1987இல் ஐ.பி.எம் கொண்டுவந்தது, நம் ஊர் மேசைகளில் இன்னும் ஓய்வுபெறவில்லை. அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போகின்றன. நீலக் கம்பியின் முனை வளைந்துபோனால் வெள்ளைத் திரை மஞ்சளாகிவிடும், சிவப்பு போனால் நீலப்பச்சை பூசினாற்போல் ஆகும். அப்போது மானிட்டரிலேயே இருக்கும் பட்டனை அழுத்தி அதன் மெனுவை வரவழையுங்கள். மெனு மட்டும் சரியான நிறத்தில் வந்தால் மானிட்டரின் திரையைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் கேபிளை மாற்றினால் போதும், அல்லது கார்டில் இருக்கும் வேறொரு வாயில் மாட்டிப் பார்த்தால் போதும்.

அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிய பிறகு கோடு விழுகிறதென்றால் அது பெரும்பாலும் வெப்பம். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதோடு தறியிலிருந்து பறக்கும் பஞ்சு வேறு. ஃபேனுக்கு அடியில் அலுமினியப் பட்டைகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரி படிந்துவிடும், மேலே பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் போகாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். அதன் பிறகும் கோடு விழுந்தால் பெரும்பாலும் கார்டுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். 2008 ஜூலையில் என்விடியாவே, லேப்டாப்களில் போன தன் சில சிப்புகளின் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருந்ததென்று அறிவித்து, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப்புக்கு அடியில் இருக்கும் ஈயப்புள்ளிகள் விரிசல் விடுவதுதான் இதில் நடப்பது. “அடுப்பில் வைத்துச் சூடு காட்டினால் சரியாகிவிடுகிறதே” என்பார்கள். சரியாவது உண்மைதான், விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, நாள்கள் போனதும் மறுபடி விடுகிறது. உணவு சமைக்கும் அடுப்பில் கார்டிலிருந்து வரும் ரசாயனப் புகையை ஏற்றுவது அதற்குக் கொடுக்கக்கூடிய விலை அல்ல.

“இந்தப் பழசுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமே” என்பது கடைசி ஆட்சேபணை. விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது, எனவே அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய விண்டோஸில் மட்டும் ஓடும் டிசைன் சாஃப்ட்வேர், அதைத் திறக்கும் சாவிபோல் செருகும் ஒரு டாங்கிள் என்று இருப்பவருக்கு, கம்ப்யூட்டரை மாற்றுவது சாஃப்ட்வேரையும் மாற்றுவதாகிவிடும். கார்டை மட்டும் புதிதாக வாங்கினாலும், பழைய பயாஸ் அதை ஏற்காமல் இருட்டாகவே நிற்பதும் உண்டு. விலை மலிவாக வரும் செகண்ட்ஹேண்ட் கார்டுகளில் கவனம் தேவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு வைத்துக் கணக்குப் போடும் முறையையே கைவிட்டது, அதுவரை இரவு பகலாக எரிந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன.

நேரம் நெருங்குகிறது, ஆகவே இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2011க்குப் பிறகு வந்த இன்டெல் கோர் பிராசசர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கிறது. மதர்போர்டின் பின்பக்கம் வி.ஜி.ஏ அல்லது எச்.டி.எம்.ஐ வாய் இருந்தால், கார்டையே கழற்றி வைத்துவிட்டுக் கேபிளை அங்கே மாட்டுங்கள். பில் போடவும் கூலிக்கணக்குப் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். எஸ்.எம்.பி.எஸ்ஸின் மூடியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதைக் கடைக்காரரிடமே கொடுத்து, 12 வோல்ட் ஒயரைச் சுமையோடு வைத்து மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.